மாரியப்பன் தங்கவேலு

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: ஜூன் 28, 1995) சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த உயரம் தாண்டும் வீரர். ரியோ, டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக்குகளில் முறையே தங்கம், வெள்ளி, வெண்கலம் வென்றவர். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியரும் இவரே. பதக்கத்தின் நிறம் மாறிக்கொண்டே வந்ததால் இவர் ஆட்டம் தேய்ந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் அவற்றில் அவர் தாண்டிய உயரங்கள் 1.89, 1.86, 1.85 மீட்டர். எட்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கே சென்டிமீட்டர்.

ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்த தாய், மருத்துவத்துக்காக மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த மாரியப்பனை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2013-இல் தேசிய பாரா தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் பட்டார். 2015 முதல் பெங்களூரில் அவரிடம் பயிற்சி. மறு ஆண்டு துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டியதும் ரியோவுக்கு வழி திறந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று கால் பாதிப்புள்ளோருக்கான டி42 பிரிவு இறுதிப் போட்டி. மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினார். அமெரிக்கர் சாம் க்ரூ, இந்தியர் வருண் சிங் பாட்டி இருவரும் 1.86 மீட்டரில் நின்றனர். உயரம் சமமானால் தவறிய முயற்சிகள் கணக்கில் வரும். அதன்படி க்ரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம். முரளிகாந்த் பேட்கர் (1972), தேவேந்திர ஜஜாரியா (2004) ஆகியோருக்குப் பின் பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற மூன்றாவது இந்தியரானார் மாரியப்பன். தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசளித்தது. 2017-இல் பத்மஸ்ரீ, அர்ஜுனா விருதுகளும் 2020-இல் கேல் ரத்னாவும் கிடைத்தன.

தங்கத்துக்குப் பின்வந்த ஆண்டுகள் எளிதாக இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டின் தொடக்க விழாவில் இந்தியக் கொடி ஏந்திச் சென்ற அவருக்கு, அங்கே 1.67 மீட்டர்தான் கைகூடியது, வெண்கலம். 2019-இல் துபாயில் நடந்த உலகப் போட்டியிலும் வெண்கலமே, ஆனால் உயரம் 1.80-க்கு ஏறியிருந்தது.

டோக்கியோவில் கொடி ஏந்த வேண்டியவரும் அவரே. கொரோனா தொற்றிய ஒருவரோடு விமானத்தில் அருகில் பயணித்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடி சக வீரர் டேக் சந்த் கைக்குப் போனது. 2021 ஆகஸ்ட் 31 அன்று மழையில் போட்டி நடந்தது. பாதிப்புள்ள காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து தாண்டச் சிரமம் தந்ததாக அவர் பின்னர் சொன்னார். 1.88 மீட்டரில் மாரியப்பனின் மூன்று முயற்சிகளும் தவறின. க்ரூ மூன்றாவது முயற்சியில் தாண்டி ரியோ கணக்கைத் தீர்த்துக்கொண்டார். இன்னொரு இந்தியர் சரத் குமாருக்கு வெண்கலம்.

செயற்கைக் காலுடன் தாண்டும் டி63 வீரர்களும், அது இல்லாமல் தாண்டும் டி42 வீரரான மாரியப்பனும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டி, என் கணிப்பில், ரியோவுக்கு அடுத்தபடியாக அவரது ஆகச் சிறந்த நாள். அமெரிக்கர்கள் எஸ்ரா ஃப்ரெச் 1.85, க்ரூ 1.82 மீட்டரில் நிற்க, மாரியப்பன் 1.88 மீட்டர் தாண்டி உலகப் போட்டிச் சாதனையுடன் தங்கம் வென்றார்.

நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 3 அன்று பாரிஸில் அதே ஃப்ரெச் 1.94 மீட்டருக்கு எழும்பினார். சரத் குமார் 1.88, மாரியப்பன் 1.85.