கண்ணோரம் வந்த கட்டி

1893-இல் பிலடெல்பியாவில் ஆல்ஃபிரட் ஹேண்ட் என்ற மருத்துவர், விழிகள் பிதுங்கி, ஓயாமல் சிறுநீர் கழித்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். காசநோய்தான் காரணம் என்று கருதினார். பின்னர் வியன்னாவில் ஷூல்லர், பாஸ்டனில் கிறிஸ்டியன் என்ற மருத்துவர்களும் இதே கோலத்தில் நோயாளிகளைக் கண்டபோது மூவர் பெயர்களும் நோயோடு ஒட்டிக்கொண்டன.

1940-இல் லிக்டென்ஸ்டைன், ஜாஃபே என்ற மருத்துவர்கள் எலும்பை அரிக்கும் ‘இயோசினோஃபிலிக் கிரானுலோமா’வை விவரித்தனர். இந்த நோய்களெல்லாம் ஒரே குடும்பம் என்று 1953-இல் லிக்டென்ஸ்டைன் சொன்னார். காரணம் பிடிபடாததால் ‘ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்’ என்று பெயரிட்டார்.

விடைக்கான நூல்முனை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1868-இல் பெர்லின் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், தோலில் கிளைவிட்ட செல்களைக் கண்டு நரம்புச் செல்கள் என்று நினைத்தார். இந்த நோயின் செல்களும் அவற்றை ஒத்தவை என்பதை 1973-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது.

குழந்தைகளுக்கு இது கண்குழியில் வந்தால், பெரும்பாலும் அதன் மேல், வெளிப்புற எலும்பில் வரும்; இமை வீங்கும். புற்றுநோயோ என்று பெற்றோர் பதறுவார்கள். ஆனால் பரிசோதனைக்குச் சிறிது திசு எடுத்த பிறகு, கட்டி தானே சுருங்கி எலும்பு மீண்டும் வளர்ந்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன.

2010-இல் இந்த நோயின் பாதிக்கும் மேற்பட்ட திசு மாதிரிகளில் ‘பிராஃப்’ மரபணு மாற்றம் தென்பட்டது. புற்றுநோய்களில் காணும் மாற்றத்தைச் சுமந்த கட்டி ஏன் கரைகிறது என்ற விவாதம் நீடிக்கிறது.