செம்புப் புரிகளும் அவற்றின் கணக்கும்

மின்விசிறி, நீர் இறைக்கும் பம்பி, அரிசி ஆலை, தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டி ஆகிய அனைத்தையும் இயக்குவது மின்மோட்டரே. அதைத் திறந்து நோக்குவோர் இரும்புத் தவாளிப்புகளினுள்ளே நெருங்கிக் கிடக்கும் செம்புச் சுருளைக் காண்பர். பல மோட்டர்களில் அச்சுருள் ஒரே தடித்த கம்பியாலன்றி, மெல்லிய கம்பிகள் பல சேர்ந்த கூட்டத்தால் ஆனது. அக்கம்பிகளைப் புரிகள் என்போம். ஒன்று செய்யும் தொழிலுக்குப் பலவற்றை ஏன் நாடினர்? அப்பலவற்றை இன்று கணினியில் எவ்வாறு கணக்கிடுகின்றனர்? இவ்விரு வினாக்களையும் வரலாற்று வழியே ஆராய்வோம்.

1820ஆம் ஆண்டில், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புதலைக் கொப்பனேகன் நகரத்துப் பேராசிரியர் ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். 1825இல் ஆங்கிலேயரான வில்லியம் ஸ்டர்ஜன் இரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். அவருடைய கம்பி உறையற்றது. எனவே சுற்றுக்கள் ஒன்றையொன்று தொடாதவாறு விலக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அல்பனி நகரத்து ஆசிரியர் யோசேப்பு ஹென்றி கம்பிக்கே உறை போர்த்தி, அடுக்கின்மேல் அடுக்காக நெருக்கிச் சுற்றினார். 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 2,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கிற்று. இன்றைய மோட்டர்ச் சுருளுக்கும் காப்புறையிட்ட கம்பியே அடிப்படையாகும்.

அக்காந்தங்களிற் பாய்ந்தது ஒரே திசையில் ஓடும் மின்கல ஓட்டம். திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் வழக்கிற்கு வந்த காலத்தில் புதியதொரு சிக்கல் தோன்றிற்று. மாறும் ஓட்டம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும்; அப்புலம் அதே கம்பியினுள் சுழியோட்டங்களைத் தூண்டும். இவை கம்பியின் நடுவே மூல ஓட்டத்தை எதிர்த்து, அதனை விளிம்புக்குத் தள்ளிவிடும். 1883இல் ஹொரேஸ் லாம், 1885இல் ஒலிவர் ஹெவிசைட் ஆகியோர் இதனைக் கணித வாயிலாக விளக்கினர். 1886இல் டேவிட் ஹியூஸ் பரிசோதனைகளால் இதனைப் பலரும் அறியச் செய்தார். தோல் விளைவு என இது வழங்கும். ஓட்டம் விநாடிக்கு 50 முறை அலையுமாயின், செம்பினுள் அது பெரிதும் தங்கும் ஆழம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 1,000 முறை அலையுமாயின் அவ்வாழம் 2 மில்லிமீற்றராகக் குறையும்.

தவாளிப்பினுள் நிலைமை மேலும் கடினமானது. ஒரு கம்பியின் புலம் அடுத்த கம்பியையும் தாக்கும். இரும்புச் சுவர்கள் சூழ்ந்திருத்தலால் ஓட்டம் தவாளிப்பின் வாய்ப்புறமாக நெருக்கப்படும். 1905இல் பீல்ட் என்னும் பொறியியலாளர் இவ்விழப்பைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இதற்குப் பரிகாரம் கம்பியைப் பிரித்தலாகும். ஒவ்வொரு புரிக்கும் தனியே காப்பிட்டு, முனைகளில் மட்டும் இணைத்தனர். ஆயினும் பிரித்தல் மட்டும் போதாது. ஒரு புரி முழு நீளமும் வாய்ப்புறத்திலும், மற்றொன்று முழு நீளமும் அடியிலும் கிடப்பின், அவற்றிற்கிடையே ஓட்டம் வீணாகச் சுற்றிவரும். கயிற்றின் புரி இடம் மாறி மாறிச் செல்வதுபோல, ஒவ்வொரு புரியும் எல்லா இடங்களிலும் முறையே தங்கிச் செல்லல் வேண்டும். 1912இல் பிரவுண் பொவேரி நிறுவனத்தைச் சேர்ந்த உலூட்விக் றோபல், பெரிய மின்பிறப்பாக்கிகளின் செம்புச் சட்டங்களுக்கு இத்தகைய இடமாற்ற முறையை வகுத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம். மொன்றியல் நகர் மக்கில் பல்கலைக்கழகத்துச் சில்வெஸ்டரும் அவருடன் சாரியும், மின்பொறியின் பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பகுத்துக் காந்தப்புலத்தைக் கணினியாற் காணும் வழியை 1970ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர். இன்றைய மோட்டர் வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் இவ்வழியிற் செல்வன. ஆனால், தவாளிப்பு ஒன்றில் 100 கம்பிகளும் மோட்டரில் 48 தவாளிப்புகளும் இருப்பின், கம்பிகள் 4,800 ஆகும். ஒவ்வொன்றையும் வரைந்து பல முக்கோணங்களாகப் பகுத்தல் பெருஞ்சுமை. ஆதலின் மென்பொருள் ஒரு சுருக்கவழியை மேற்கொள்கின்றது. புரிகளை வரையாது, தவாளிப்பு முழுவதையும் ஒரே செம்புத்திரளாகக் கொண்டு, ஓட்டம் அதில் எங்கும் சமமாகப் பரந்துள்ளது என வைத்துக்கொள்கின்றது. சுற்றுக்கள் எத்தனை, இணையாகச் செல்லும் புரிகள் எத்தனை, தவாளிப்பில் செம்பு நிரம்பிய பங்கு எவ்வளவு என்பவற்றை மட்டும் வடிவமைப்போர் கூறினாற் போதும். முன்னோர் பாடுபட்டுப் பிரித்த புரிகளைக் கணக்கு மீண்டும் ஒன்றாக்கிவிடுகின்றது!

இது பிழையோ எனின், புரிகள் மெல்லியவாய், நன்கு இடம் மாறியவாய், ஓட்டத்தின் அலைவு குறைந்ததாய் இருக்கும்வரை பிழையன்று. பிரித்தலின் நோக்கமே ஓட்டத்தைச் சமமாகப் பரப்புதலன்றோ? ஆனால் நான்கு சோடி முனைவுகளையுடைய மோட்டர் நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும்போது, அதன் ஓட்டம் விநாடிக்கு 1,000 முறை அலையும். அலைவு இருமடங்கானால் மெல்லிய புரிகளினுள் எழும் சுழியோட்ட இழப்பு நான்கு மடங்காகும். சமமெனக் கொண்ட கணக்கோ இதனைக் காட்டாது. கணக்கில் வராத இழப்பு மோட்டரில் வெப்பமாக வெளிப்படும். வெப்பநிலை 10 பாகை உயரின் காப்புறையின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் நெடுங்காலம் கைக்கொண்டுவரும் ஒரு மதிப்பு. ஆகவே தாளிற் சிறந்து விளங்கிய மோட்டர் களத்திற் கருகிப்போதலும் கூடும்.

இதனைத் தவிர்க்க, அறிந்தோர் ஒரு தவாளிப்பை மட்டும் புரி புரியாக வரைந்து இழப்பைக் கண்டு, அதனை முழு மோட்டரின் கணக்கோடு சேர்க்கின்றனர். மாதிரிச் சுருள் ஒன்றைச் சுற்றி அளந்தும் பார்க்கின்றனர். புரியை மேலும் மெல்லியதாக்கினால் தீராதோ எனின், காப்புறை இடத்தைக் கவரச் செம்பு குறைந்து, தடை கூடும். ஆதலால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நேயர்களே, பலவற்றை ஒன்றெனக் கொண்டு கணக்கிடுதல் அறிவின் இன்றியமையாத கருவியாகும். அக்கருவியைக் கையாள்வோர், தாம் எதனை விட்டுவிட்டோம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மாணவரிடத்தே நாம் வளர்க்க வேண்டிய பழக்கமும் அதுவே.