‘கம்பெரலிய’: காதலும் குடும்பமும் வர்க்க மாற்றமும்

ஆசிய நாடுகளின் திரைப்படங்களைப் பற்றி எழுதுவோர், காதலுக்கும் மரபுக்குமிடையிலான போராட்டமே அவற்றின் நிரந்தரப் பொருள் எனக் கூறுவது வழக்கம். இக்கூற்று முழுதும் தவறன்று. எனினும் மரபினைக் காலங்கடந்த ஒன்றாகக் கொள்ளும்போது, அம்மரபு எப்போது, யாருடைய நலன்கருதித் தோன்றியது என்னும் வினா எழாமற் போய்விடுகின்றது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவலைத் தழுவி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் உருவாக்கிய ‘கம்பெரலிய’ இவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்கும் படமாகும். எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கியமையால் நாவல் நம்மவருக்குப் புதியதன்று.

சிங்களத் திரைப்படத்தின் பிறப்புத் தமிழகத்தோடு பிணைந்தது. முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ (1947), எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பாக மதுரையில் எடுக்கப்பட்டது. அதன்பின் வந்த படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களின் வாய்பாட்டையே பின்பற்றின. அவற்றிலே காதல் என்பது பாட்டுக்கு இடந்தரும் ஒரு நிகழ்ச்சி. ஏழை, செல்வர் என்ற வேறுபாடோ கடைசிச் சுருளிற் கரைந்துவிடும். 1956இல் ‘றேகாவ’ மூலம் கமராவைக் கிராமத்துக்குக் கொண்டுசென்ற பீரிஸ், ‘கம்பெரலிய’வில் ஆடல்பாடற் காட்சிகளையும் விலக்கினார், படப்பிடிப்பு நிலையத்தையும் விலக்கினார். றெஜி சிறிவர்த்தன திரைக்கதை எழுதிய இப்படம் 1965இற் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருதினைப் பெற்றது.

கதை தென்மாகாணக் கரையோரக் கிராமமொன்றிலே, ‘மகாகெதர’ என்னும் பெருமனையில் நிகழ்கிறது. வீட்டின் மகளான நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவளை விரும்புகிறான். குடும்பத் தகுதி குறைந்தவன் என மறுக்கப்படுகிறான். நந்தா ‘தகுதியுடைய’ ஜினதாசவுக்கு மணமுடிக்கப்படுகிறாள். நொடித்துப்போன ஜினதாச பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் செல்கிறான். கொழும்பில் வணிகத்தாற் செல்வனான பியல், அவன் இறந்துவிட்டான் என்ற செய்தியை நம்பிய நந்தாவை மணக்கிறான்.

இங்கே மரபை வென்றது காதலன்று. முன்னர் மறுக்கப்பட்ட அதே மனிதன் பின்னர் ஏற்கப்படுகிறான். இடையில் மாறியது அவனுடைய பணநிலையே. அவனை அப்பெருமனைக்குள் கொண்டுவந்ததும் ஆங்கிலமே என்பது மனங்கொள்ளத்தக்கது. குடியேற்ற ஆட்சியில் உயர்வுக்கு ஏணியாக அமைந்த அம்மொழியை, வீழ்ந்துகொண்டிருந்த குடும்பம் தானும் தேடியது. இன்னொன்றும் உண்டு. மகாகெதரவின் தலைவர் முகாந்திரம். தொன்மையான குலப்பெருமைபோலத் தோன்றும் இப்பட்டம் பிரித்தானிய அரசாங்கத்தால் வழங்கப்பட்டதாகும். ஆகவே பியலைத் தடுத்த ‘மரபு’ என்பதிலே நிலமானியத்தின் எச்சமும் குடியேற்ற நிருவாகத்தின் ஏற்பாடும் கலந்துள்ளன. ‘அழிந்துவரும் தூய மரபுக்கான இரங்கற்பா’ என இப்படத்தைப் போற்றுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

அவ்வாறு போற்றுவதற்குப் படமும் ஓரளவு இடந்தருகிறது. பீரிஸின் கமரா வீட்டின் கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் இடையே மிகுந்த பரிவோடு உலவுகிறது. மணமாகாமலே முதுமையை நோக்கும் மூத்தமகள் அனுலாவின் மௌனம், வீட்டின் கௌரவத்துக்குப் பெண்கள் கொடுத்த விலையினை எந்த வசனத்தினும் தெளிவாக உணர்த்துகிறது. ஆனால் அவ்வீட்டைத் தாங்கிய நிலத்தில் உழைத்தோர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றனர். விக்கிரமசிங்கவின் முந்நாவல்களில் எஞ்சிய இரண்டையும் பீரிஸ் 1980களின் முற்பகுதியிற் படமாக்கினார். அவற்றுள் ‘யுகாந்தய’விலேதான் (1983) தொழிலாளரும் முதலாளியும் நேருக்குநேர் நிற்கின்றனர். அங்கும் மோதல் ஒரு குடும்பத்துள், தந்தைக்கும் மகனுக்குமிடையிலேயே வைத்துக் காட்டப்படுகிறது.