ஆறு நிறக் கொடிகள்: ரிமோட் கார் டிரான்ஸ்மிட்டரின் கதை

ரிமோட் கார் என்றால் எல்லோருடைய கண்ணும் காரின் மேல்தான். எவ்வளவு வேகம் போகும், எந்தக் கம்பெனி, மோட்டார் எப்படி என்றுதான் பேச்சு. கையில் பிடித்திருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய ரிமோட் கார்களைச் சேகரிப்பவர்களில் ஒரு சாரார் அந்தப் பெட்டியைத்தான் தேடி அலைகிறார்கள். ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் ஆன்டெனா, ஊசி ஆடும் பேட்டரி மீட்டர், இரண்டு குச்சிகள்... 1970-களிலும் 80-களிலும் வந்த டிரான்ஸ்மிட்டர்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

படகில் தொடங்கிய கதை

ரேடியோ அலையால் ஒரு வண்டியை ஓட்டலாம் என்பதை முதலில் ஊரறியக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சிறிய படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தூரத்தில் நின்றபடியே திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அந்த வித்தை பொழுதுபோக்காகப் பரவ அரை நூற்றாண்டு ஆனது. தொடக்க காலச் செட்களில் பல ஒரே ஒரு பொத்தான் கொண்டவை. ஒருமுறை அழுத்தினால் இடம், அடுத்த முறை அழுத்தினால் வலம். நடுவில் 'கொஞ்சம் இடது' என்பதே கிடையாது! மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு அது போதும். காருக்குப் போதுமா? மூலையில் திரும்புவதற்குள் சுவரில் மோதிவிடும்.

1960-களில் 'புரோபோர்ஷனல்' முறை வந்தபிறகுதான் கார்களுக்கு விடிவு பிறந்தது. குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவுதான் சக்கரமும் திரும்பும். இது நடப்பது எப்படி? டிரான்ஸ்மிட்டர் நொடிக்குச் சுமார் 50 முறை சிறு துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லி விநாடி நீடித்தால் சக்கரம் நேராக நிற்கும். 1 மில்லி விநாடி என்றால் ஒரு ஓரம், 2 மில்லி விநாடி என்றால் மறு ஓரம். காரில் இருக்கும் சர்வோ என்ற சிறு மோட்டார் இந்த நேரத்தை அளந்து அதற்கேற்பத் திரும்புகிறது.

டாமியா வந்த பிறகு

இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த ஃபெராரி 250 எல்எம், கடையில் விற்ற ஆரம்பகால ரிமோட் கார்களில் ஒன்று. ஆனால் இந்தப் பொழுதுபோக்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஜப்பானின் டாமியா. 1976-ல் அவர்கள் வெளியிட்ட போர்ஷே 934 தான் தொடக்கம். 1979-ல் சாண்ட் ஸ்கார்ச்சர், 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்று வரிசையாக வந்தன.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தக் கார்கள் பாகங்களாகத்தான் பெட்டியில் வரும். டிரான்ஸ்மிட்டரைத் தனியாக வாங்க வேண்டும். 1948-ல் ரேடியோ வால்வு செய்வதில் தொடங்கிய ஃபுடாபா, மற்றும் சான்வா, கே.ஓ. புரோப்போ, பிரிட்டனில் பரவலாக விற்ற அக்கோம்ஸ் போன்ற பெயர்கள் அப்படித்தான் சிறுவர்களுக்குப் பழக்கமாயின. கார் உடையும், புதுக் கார் வரும். டிரான்ஸ்மிட்டர் மட்டும் அதேதான். ஒரே பெட்டி நான்கைந்து கார்களை ஓட்டியிருக்கும்!

ஆறு பேர், ஆறு நிறம்

அமெரிக்காவில் கார் ஓட்டிகளுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கிடைத்தவை வெறும் ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பழுப்பு 26.995, சிவப்பு 27.045, ஆரஞ்சு 27.095, மஞ்சள் 27.145, பச்சை 27.195, நீலம் 27.255. ஆன்டெனாவில் அந்த நிறத்தில் ஒரு சிறு கொடி கட்டியிருக்கும்.

எந்த அலைவரிசை என்பதைத் தீர்மானிப்பது கிரிஸ்டல் எனப்படும் குவார்ட்ஸ் துண்டு. இது ஜோடியாகத்தான் வேலை செய்யும். டிரான்ஸ்மிட்டரில் 27.045 என்றால் காரில் 26.590. இரண்டுக்கும் இடைவெளி 0.455 மெகாஹெர்ட்ஸ். காரில் இருக்கும் ரிசீவர் அந்த வித்தியாசத்தைப் பிரித்தெடுத்துத்தான் செய்தியைப் படிக்கிறது.

ஒரே நிறத்தில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால்? ஓடிக்கொண்டிருக்கும் கார் யார் பேச்சையும் கேட்காது. தறிகெட்டு ஓடும். அதனால் பந்தயத் திடல்களில் ஒரு பலகை இருக்கும். நிறத்துக்கு ஒரு கிளிப். கிளிப்பை எடுத்தவர் மட்டுமே சுவிட்சைப் போடலாம். ஓட்டி முடித்ததும் திருப்பி மாட்ட வேண்டும். முன்பின் தெரியாதவரிடமும் "நீங்கள் என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுத்தான் விளையாட்டே தொடங்கும். போதாக்குறைக்கு, அதே பகுதியில்தான் லாரி ஓட்டுநர்களின் சி.பி. ரேடியோவும் இயங்கியது.

ஆன்டெனா குட்டையான கதை

2000-களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்கள் வந்தன. இவை தங்கள் காரைத் தாங்களே அடையாளம் கண்டுகொள்கின்றன. அவற்றில் பல, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பவை. இப்படித் தாவும் யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்பது சுவையான செய்தி. டார்பிடோவை வழிநடத்த அவர் கண்ட வழி அது.

27 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் வெறும் 12.5 சென்டிமீட்டர். அதனால்தான் நீண்ட ஆன்டெனா விரல் அளவுக்குச் சுருங்கியது. கொடியும் கிளிப்பும் பலகையும் தேவையற்றுப் போயின.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

டாமியா 2004-ல் ஹார்னெட்டையும் 2010-ல் சாண்ட் ஸ்கார்ச்சரையும் மறுபடி வெளியிட்டது. சிறுவயதில் ஓட்டியவர்கள் பெரியவர்களாகித் திரும்பி வந்தார்கள். காருக்கு ஏற்ற பழைய டிரான்ஸ்மிட்டர் வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது.

வாங்குபவர்கள் முதலில் திறப்பது பேட்டரி அறையை. உள்ளே விட்டுவைத்த செல்கள் கசிந்து தகடுகளை அரித்திருக்கும். கசிந்தது ஆல்கலைன் செல் என்றால், வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் ஓரளவு மீட்கலாம். அடுத்தது கிரிஸ்டல் ஜோடி. ஒன்று தொலைந்தால் மற்றது பயனில்லை. குச்சியை அசைக்கும்போது சக்கரம் நடுங்கினால் உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. ஆன்டெனாவை நீட்டாமல் வெகுநேரம் இயக்கினால் சில செட்களில் டிரான்சிஸ்டர் சூடேறிக் கெட்டுப்போகும்.

வெட்டலாமா, கூடாதா?

சேகரிப்பவர்களுக்குள் பெரிய சண்டை இதில்தான். பழைய பெட்டிக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலை வைத்து ஓட்டலாம் என்பது ஒரு கட்சி. அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஓட்டாமல் அலமாரியில் வைத்தால் கபாசிட்டர்கள் காய்ந்துபோகும், கடைசியில் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. மாறாக, பழைய ரேடியோ பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிரிஸ்டல் இருந்த இடத்தில் ஓட்டை போட்டால் என்ன மிச்சம்? கார் நன்றாக ஓடும். ஆனால் ஆறு பேர் ஆறு நிறத்தைப் பங்குபோட்டு வாழ்ந்த காலத்துக்கு அந்தப் பெட்டியில் சாட்சி இருக்காது.

நடுவழி ஒன்று இருக்கிறது. குச்சிகள் உருவாக்கும் துடிப்பு வரிசையை மட்டும் ஒரு வயரில் எடுத்துப் புது மாட்யூலுக்குக் கொடுக்கலாம். பழைய ரேடியோ பலகை மின்சாரம் இல்லாமல் அதே இடத்தில் இருக்கும். எதையும் வெட்ட வேண்டாம், துளையிட வேண்டாம். நாளை யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் அரை மணி நேர வேலை. வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இரண்டு கட்சிக்கும் நஷ்டமில்லாத வழி இதுவே.

உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கிரிஸ்டல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் மேல் ஏதாவது ஒரு நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்!