அணையாத அடுப்பும் அரை மூட்டை கத்தரிக்காயும்

போன மாசம் கத்தரிக்காய் விலை படுத்துடுச்சு. பறிக்கிற ஆளுக்குக் கூலி கொடுத்தா மூட்டைக்குக் கையில ஒண்ணும் நிக்காது. இந்த மாதிரி சமயத்துல எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க ஒரு வார்த்தை சொல்வாங்க: "வடலூருக்கு அனுப்பிடு." சென்னையில இருக்கிற உங்களுக்கு வடலூர்னா கும்பகோணம் போற வழியில பஸ் நிக்கிற ஊரு. எங்களுக்கு அது ஒரு அடுப்பு.

அந்த அடுப்பின் கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

ராமலிங்க சுவாமிகள் பிறந்தது 1823-ல், சிதம்பரத்துக்குப் பக்கத்துல மருதூர் கிராமத்துல. சென்னையில வளர்ந்து, பிறகு இந்தப் பக்கமே திரும்பி வந்தவர். கருங்குழியில தங்கியிருந்த வருஷங்கள்ல அவர் பார்த்தது எல்லாம் புன்செய் ஜனங்கள்: கம்பு, கேழ்வரகு விதைச்சு, மழை பொய்த்தா பட்டினி கிடக்கிறவங்க. 1866-ல் ஒரிசாவிலும் கஞ்சம் பக்கமும் பெரிய பஞ்சம். அதற்கு அடுத்த வருஷம், 1867 மே 23-ம் தேதி, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, தன் கையாலேயே அடுப்பை மூட்டினார். அதுக்கு நிலம் கொடுத்தது எந்த ஜமீனும் இல்லை. பார்வதிபுரத்து ஜனங்கள். 80 காணி, இன்னிக்குக் கணக்குல நூறு ஏக்கருக்கு மேல. விவசாயியா எனக்கு இந்த இடத்துலதான் மனசு நின்னுடும். ஒரு காணி நிலத்தை விட்டுக்கொடுக்க அண்ணன் தம்பியே கோர்ட்டுக்குப் போற ஊர் எங்களுது. அந்த நிலத்தில் சர்வதேச மையம் கட்ட 2024-ல் அரசு வேலை தொடங்கியபோது அதே பார்வதிபுரத்துக்காரங்க எதிர்த்து நின்னாங்க, விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கொடுத்த நிலம்னாலும் எதுக்குக் கொடுத்தோம்ங்கிறது தலைமுறை தாண்டியும் ஞாபகம் இருக்கு, பாருங்க.

அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். நீளமா ஒரு பள்ளம் மாதிரி. ஏன் அப்படின்னு நகரத்துல கேஸ் அடுப்பு பார்த்தவங்களுக்குப் புரியாது. தனித்தனி அடுப்புல எரிச்சா ஒவ்வொண்ணுக்கும் தனி விறகு. வாய் ஒண்ணா இருந்தா ஒரு அண்டாவை இறக்குற நேரத்துல பக்கத்து அண்டா அந்தச் சூட்டிலேயே கொதிச்சுக்கிட்டு இருக்கும். தணலும் வீணாகாது. கல்யாண வீட்டுக்குக் கோட்டை அடுப்பு வெட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். நெய்வேலி பக்கத்துலதான் இருக்கு, பூமிக்கு அடியில பழுப்பு நிலக்கரி குவிஞ்சு கிடக்கு. ஆனா இந்த அடுப்பு எரியுறது விறகுல.

சுவாமிகள் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். இரண்டே வருஷத்துல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமே செத்துப் பிழைச்சது. தென்னார்க்காடும் தப்பலை. அப்போ கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கணக்குப் போட்டார். நிவாரண வேலை செய்யுற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரை கிலோகூட இல்லை. வெயில்ல கல் உடைக்கிறவனுக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உடம்புக்குப் போதாதுன்னு சண்டை போட்டார். ஒரு மனுஷன் சாகாம இருக்க எவ்வளவு குறைச்சலாக் கொடுக்கலாம்னு அந்தப் பக்கம் கணக்கு. வடலூர்ல பந்தியில உட்கார்ந்தவனை யாரும் நிறுத்துப் பார்க்கலை. சாதி என்னன்னும் கேட்கலை. அந்தக் காலத்துல ரெண்டாவதுதான் பெரிய விஷயம்.

சிக்கனச் சமையல்னு இப்போ நிறைய வீடியோ வருது. குறைஞ்ச காசுல வாரத்துக்குச் சமைச்சு வைக்கிறது எப்படின்னு. எனக்கு அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா எங்க ஜில்லாவுக்கு அது பழைய வித்தை. சிதம்பரம் கொத்சையே எடுத்துக்கங்க. நடராஜர் கோயிலில் சம்பா சாதத்தோட வைக்கிற கொத்சு. பெரிய பதார்த்தம்னு நினைக்காதீங்க. கத்தரிக்காய், புளி, மல்லி, மிளகாய், கொஞ்சம் கடலைப்பருப்பு, நல்லெண்ணெய். அவ்வளவுதான். பருப்பைக் குழம்புல வேகவைக்கிறது இல்லை, வறுத்துப் பொடி பண்ணிப் போடுறோம். ஒரு கைப்பிடிப் பருப்பு இருபது பேருக்குப் போதும், அந்தப் பொடிதான் குழம்பைக் கெட்டியாக்கும். பருப்பு விலை ஏறின காலத்துல எவளோ ஒரு பொம்பளை கண்டுபிடிச்சிருக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம். ஆதாரம் கேட்காதீங்க.

எங்க ஆயா இருபது பேருக்கு ரெண்டு கிலோ கத்தரிக்காய் கணக்கு வச்சிருந்தது. சின்ன வெங்காயம் வதக்கி, கத்தரிக்காயைப் போட்டுச் சுருள விட்டு, மத்தால மசிச்சு, புளியைக் கரைச்சு ஊத்தி, பொடி தூவி, எண்ணெய் மிதக்குற வரைக்கும் கொதிக்க விடும். கோயில் கொத்சுல வெங்காயம் கிடையாது. நடவுக்கு வந்த ஆளுங்களுக்குக் காலையில இட்லிக்கு அதுதான், மத்தியானம் சோத்துக்கும் அதுதான். புளி இருக்கிறதால கெடாது.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடிச்சப்போ இதே கணக்குதான் எங்க தெருவைக் காப்பாத்துச்சு. முந்திரிக்கொல்லை, பலா எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்லை. ஒரே நாள்ல விறகு மட்டும் ஊருக்கே மிச்சம். பள்ளிக்கூடத் திண்ணைக்குப் பக்கத்துல நீளமா ஒரு பள்ளம் வெட்டினோம். வீட்டுக்கு ஒரு படி அரிசி, யார் வீட்டுப் பரண்ல பரங்கிக்காய் இருந்ததோ அது, பானையில மிச்சமிருந்த மல்லாட்டை. ஆறு நாள் தெருவுக்கே ஒரே உலை. முதல் நாள் தனியா உட்கார்ந்தவங்க மூணாம் நாள் சேர்ந்து உட்கார்ந்தாங்க. ஏழாம் நாள் மறுபடி தனித்தனியாப் போயிட்டாங்க, அதையும் சொல்லிடணும்.

வடலூருக்கு நான் முதல்ல காய் அனுப்பினது இருபது வயசுல. தைப்பூசத்துக்கு ஊர் ஊரா அரிசியும் காய்கறியும் வண்டியில போகும். நான் புத்திசாலியாட்டம் நல்ல காயைச் சந்தைக்குப் பிரிச்சு வச்சுட்டு, சொத்தையும் முத்தலுமா அரை மூட்டை கட்டினேன். ஆயா மூட்டையைத் திண்ணையில கொட்டி ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்துச்சு. "இதை உன் இலையில வச்சா தின்பியாடா?" அவ்வளவுதான் கேட்டுச்சு. சாயங்காலம் சந்தை மூட்டை வடலூருக்குப் போச்சு. சொத்தைக் காயை நறுக்கி, நல்லதை மட்டும் எடுத்து, மூணு நாளைக்கு எங்க வீட்டுல கொத்சு.

இந்தத் தைக்குப் பரங்கிக்காய் நல்லா பிடிச்சிருக்கு. கத்தரியில பாதி பூச்சி. விலையும் இல்லை, பறிக்க ஆளும் இல்லை. நாளைக்கு விடியறதுக்குள்ள நானும் வீட்டுக்காரியும் இறங்கிப் பறிக்கணும். எத்தனை மூட்டை தேறும்னு கட்டின பிறகுதான் தெரியும்.