மூடி போடாத அரைக்கோளம்

போன மாதம் பேரன் ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறான். ஒரு மாறி மட்டும் வரும் நுண்கணிதம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெக்டர் வந்தால்தான் முகம் சுருங்கும்.

"காஸ் தேற்றம் போட்டா 2 பை வருது தாத்தா. விடையில 3 பைன்னு இருக்கு."

எனக்கு அந்தத் தேற்றத்தை காஸ் பெயரில் பழக்கமில்லை. ஒஸ்த்ரோகிராத்ஸ்கி தேற்றம் என்றுதான் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'பாக்' முடித்ததும் மேலே கணிதம் படிக்க ஆசை. பிரான்சுக்குப் போன நண்பன் ஒருவன் தன் புத்தகத்தை என்னிடம் விட்டுப் போனான். அதே வருஷம் அப்பா காலமானார். நான் குமாஸ்தா ஆனேன், புத்தகம் பரணுக்குப் போயிற்று. அந்தப் புத்தகத்தில்தான் இந்தப் பெயர்.

தேற்றம் சொல்வது இதுதான்: ஒரு மூடிய பரப்பின் வழியே மொத்தம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை, உள்ளே புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு ஊறுகிறது என்று கூட்டியே சொல்லிவிடலாம். காஸ் 1813-இல் சில தனி வடிவங்களைக் கண்டிருந்தார். பொதுவான நிரூபணத்தை 1826-இல் பாரிஸ் அகாதெமியில் சமர்ப்பித்தவர் ஒஸ்த்ரோகிராத்ஸ்கி. உக்ரைனில் பிறந்தவர். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் படித்தும் பட்டம் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். பட்டமில்லாமல்தான் பாரிசுக்கு வந்தார்.

பேரனின் பாடத்தில் வரும் இன்னொரு பெயர் ஜார்ஜ் கிரீன். நாட்டிங்காமில் ரொட்டிக்கடைக்காரர் மகன். எட்டு வயதில் ஓராண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பள்ளி, பிறகு அப்பாவின் கடை, காற்றாலையில் மாவரைப்பு. 1828-இல் மின்சாரமும் காந்தமும் பற்றி ஒரு நூலைச் சந்தா சேர்த்து வெளியிட்டார். சந்தா கட்டியவர்கள் சுமார் 50 பேர். அதில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்குமோ! 40 வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 1841-இல் இறந்தார். வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1845-இல் தன் ஆசிரியரிடமிருந்து அந்த நூலை வாங்கிப் பாரிசுக்கு எடுத்துப் போனபிறகுதான் உலகம் கிரீனைக் கவனித்தது. ஒரு வேடிக்கை: நம் பாடநூலில் 'கிரீன் தேற்றம்' என்று தளத்துக்கு எழுதியிருக்கிறார்களே, அந்த வடிவத்தை 1846-இல் அச்சிட்டவர் கோஷி.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டோக்ஸ் தேற்றத்தின் கதை. தாம்சன் 1850 ஜூலையில் ஸ்டோக்சுக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் அது இருந்தது. ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வின் எட்டாவது கேள்வியாகப் போட்டுவிட்டார். தேற்றம் முதலில் அச்சேறியதே கேள்வித்தாளில்தான்! அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். கேள்வியில் வெக்டர் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று மூன்றாக எழுதியிருக்கும். இன்றைய குறியீடு கிப்ஸ், ஹெவிசைட் இருவரும் 1880-களில் கொடுத்தது.

சரி, பேரன் கணக்கு. ஓரலகு ஆரமுள்ள மேல் அரைக்கோளம். புலத்தின் கூறுகள் எக்ஸ், ஒய், இசட் கூட்டல் 1. டைவர்ஜென்ஸ் 3. அரைக்கோளத்தின் கன அளவு 2 பை வகுத்தல் 3. பெருக்கினால் 2 பை. பையன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

"அடி எங்கேடா?" என்றேன்.

மூடிய பரப்புக்குத்தான் தேற்றம். இது கவிழ்த்து வைத்த கிண்ணம், அடியில் திறந்திருக்கிறது. தட்டு ஒன்றை வைத்து மூட வேண்டும். தட்டின் மேல் இசட் பூஜ்யம், வெளிநோக்கிய திசை கீழே, ஆகவே அதன் பங்கு கழித்தல் பை. 2 பையிலிருந்து கழித்தல் பையைக் கழித்தால் 3 பை. முப்பது வருஷம் கணக்குப் பேரேடு பார்த்தவன் கண்ணுக்கு விட்டுப்போன வரி உடனே தட்டுப்படும்.

பேரன் அந்தப் பழைய புத்தகத்தைக் கேட்டான்.

"உனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே?"

"சமன்பாடு புரியும் தாத்தா."

அட்டை கழன்று வருகிறது, பார்த்துப் பிரி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.