ஸ்பிரிங் பெட்கிளினிக்

ஸ்பிரிங் பெட்கிளினிக்: ஜாவா மொழியின் ஸ்பிரிங் கட்டமைப்பைச் செய்து பழகிக் கற்பதற்கான மாதிரி வலைச்செயலி. அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கும் திறமூல மென்பொருள். ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட நூலின் நிரல்களிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. 2014இல் வந்த ஸ்பிரிங் பூட் தொடக்க அமைவு வேலைகளைக் குறைத்தது. பெட்கிளினிக்கின் இன்றைய வடிவம் அதன்மீதே இயங்குகிறது.

அமைப்பு: செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றின் பதிவேடு இது. உரிமையாளர், பிராணி, மருத்துவர், வருகை ஆகியவை தரவுத்தள அட்டவணைகளாக உள்ளன. உலாவி அனுப்பும் கோரிக்கையைக் கன்ட்ரோலர் ஏற்கிறது. ரெபாசிட்டரி தரவை எடுத்துத் தருகிறது. தைம்லீஃப் வார்ப்புரு அதைப் பக்கமாக்குகிறது.

பயிற்சி: நிரலை இறக்கி மேவன் என்னும் நிரல் தொகுப்புக் கருவி மூலம் இயக்கினால் 8080ஆம் போர்ட்டில் செயலி திறக்கும். நினைவகத்தில் இயங்கும் எச்2 தரவுத்தளம் உடன் வருவதால் வேறொன்றை நிறுவ வேண்டியதில்லை. பிறகு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றுக்கு மாறலாம். பிழை கையாளுதலைக் காட்ட, வேண்டுமென்றே பிழை எழுப்பும் பக்கமும் உண்டு. பிராணியின் எடையைப் பதியப் புதிய புலம் சேர்ப்பது நல்ல முதற்பயிற்சி. அதற்கு அட்டவணை, வகுப்பு, படிவம், சோதனை நான்கையும் திருத்த வேண்டும். தரவுத்தளம் முதல் பக்கம் வரையிலான அடுக்குகளின் பிணைப்பு அந்த வேலையில்தான் தெளிவாக விளங்கும்.